பட்டுத் துணிக்கு மேலே அளந்த மருதமரம்

என் அன்பு மச்சான் கதிரேசுக்கு,

நீ இப்போது இருக்கிற இடத்தில் பெரிய மரங்கள் இருக்கின்றனவா? இருந்தால், இதற்குள் ஏதாவது ஒன்றைக் காட்டி, "இதைப்போலை ஒண்டு வேறை எங்கையும் இல்லை" என்று பக்கத்தில் நிற்பவரிடம் சொல்லியிருப்பாய். எத்தனை அடி என்று அவர் கேட்டால் என்ன சொல்லுவாய்? அளவு நாடாவின் மறு நுனியைப் பிடிக்க நான் அங்கே இல்லையே.

நீ போய் ஒரு வருடம் நிறைகிற ஆட்டைத் திவசத்துக்கு ஒரு சிறு புத்தகம் அடிக்கிறார்கள். அதில் நான் இரண்டு பக்கம் எழுத வேண்டும் என்று நாகம்மா கேட்டார். "அண்ணை, அவரைத் தேவாரம் பாடுற மாதிரிப் புகழ வேண்டாம். மரத்தின்ரை கதையை எழுதுங்கோ. சனம் ஆளுக்கொரு மாதிரிச் சொல்லித் திரியுது" என்றார். உன் மனைவி ஒன்று சொன்னால் அதற்கு மறுபேச்சு இல்லை என்பது என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். மூன்று தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். இதையும் கிழிக்காமல் இருக்க வேண்டும்.

முதலில் வீட்டுச் செய்திகள். சிறுபோக நெல் மோசமில்லை. உன் சிவப்பிப் பசு நாகு கன்று போட்டிருக்கிறாள். குளக்கட்டு றோட்டுக்குக் கடைசியில் தார் வந்துவிட்டது; நீ விழுந்து எழும்பிய அந்தப் பள்ளம் இப்போது இருந்த இடம் தெரியாது. ரத்தினம் தேத்தண்ணிக் கடைக்குப் புதுக் கதிரைகள் வாங்கிப் போட்டிருக்கிறான். அவற்றில் ஒன்றில்கூட இரண்டு கிழமையாக என்னை இருக்கவிடவில்லை. அதன் காரணத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இதை நம் ஊர் அறியாதவர்களும் வாசிப்பார்கள் என்பதால் கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள். குளக்கட்டு முடிகிற இடத்தில் ஒரு மருதமரம் நிற்கிறது. அடியில் வைரவர் சூலம். நேர்த்தி வைத்தவர்கள் காரியம் நிறைவேறியதும் ஒரு முழத் துணியோ முழுச் சேலை நீளமோ, சிவப்புப் பட்டு வாங்கி வந்து மரத்தைச் சுற்றிக் கட்டுவார்கள். கட்டியதை யாரும் அவிழ்ப்பதில்லை. ஒன்றின் மேல் ஒன்றாக அது மெத்தை போல ஏறிக்கொண்டே போகும். விளக்கு வைப்பது உன் பொறுப்பாக இருந்தது; இப்போது நாகம்மா வைக்கிறார். நான் நீர்ப்பாசன அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் படம் வரைந்தவன். வெயிலில் நின்று அளந்தவர்கள் வேறு பேர்; அவர்கள் கொண்டுவந்த எண்களை நிழலில் இருந்து கோடாக்கியவன்தான் நான். ஆனால் ஊரில் எல்லாருக்கும் நான் "அளவுகாரர்". அந்தப் பெயரைத் திருத்தவும் எனக்குத் துணிவு வரவில்லை.

பதினொரு வருடத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை நாம் அந்த மரத்தை அளந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? வீட்டுத்திட்டத்துக்கு வந்த மேசனிடம் நாடா இரவல் வாங்கியது நீ. என் சட்டைப்பை உயரத்தில் மரத்தைச் சுற்ற வேண்டும் என்று சொன்னது நான். நெஞ்சு உயரத்தில் அளப்பதுதான் முறை என்று எங்கேயோ படித்திருந்தேன். அடியில் அளந்தால் வேர்களின் புடைப்பு கணக்கில் சேர்ந்துவிடும். ஆனால் அந்த உயரத்தில்தான் பட்டுத் துணி முழுவதும் கட்டியிருந்தது.

"மச்சான், துணியை அவிழ்த்துப்போட்டு அளக்கோணும்" என்றேன்.

"ஏன்ரா? வைரவர் உடுத்திருக்கிறதும் வைரவர்தான்."

"அது மரத்தின்ரை அளவு இல்லையே."

"உனக்குக் காற்சட்டை தைக்கிறவன், சாரத்தைக் கழட்டிப்போட்டு வந்து நில் எண்டோ சொல்லுறவன்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீ நாடாவை இழுத்துப் பிடித்துக்கொண்டு, என் காதருகில் மட்டும் கேட்டாய்: "எவ்வளவு தடிப்பு இருக்கும்? ரண்டு அங்குலம் வருமே? ரண்டு அங்குலத்தாலை மரம் சின்னனாப் போயிடுமோ?"

அங்கேதான் மச்சான் நான் பேசியிருக்க வேண்டும். வட்டத்தின் குணம் அது. ஒரு பக்கம் இரண்டு அங்குலம் என்றால் குறுக்களவில் நான்கு. சுற்றளவில் அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல், பன்னிரண்டரை அங்குலம். முழுதாக ஓர் அடிக்கு மேல். நான் அதை அந்த இடத்திலேயே மனதில் பெருக்கிவிட்டேன். வாய் மட்டும், "ஓம், ரண்டு அங்குலம்தான்" என்றது.

நீ உரத்துச் சொன்னாய்: "இருபத்தாறு அடி மூண்டு அங்குலம்." சனம் கைதட்டியது. போர் முடிந்து நாம் எல்லாரும் முகாமிலிருந்து திரும்பி வந்து நாலைந்து வருடம்தான் ஆகியிருந்தது. கூரை இருந்த இடத்தில் கூரை இல்லை, வேலி இருந்த இடத்தில் வேலி இல்லை. பழைய பட்டெல்லாம் உக்கி உதிர்ந்திருந்தாலும், இந்த மரம்தான் விட்ட இடத்திலேயே நின்றது. அதில் பன்னிரண்டரை அங்குலத்தைக் கழிக்க நான் யார் என்று நினைத்தேன். அது இரக்கமா, என் வழக்கமான பயமா? பயம் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

பிறகு நீ மரத்தடியில் ஒரு தகரப் பலகை அடித்தாய். அதில் எண்ணை எழுதும் வேலையை என்னிடமே தந்தாய். அலுவலகப் படத்தில் எழுதுவது போல நேராக எழுதிக் கொடுத்தேன். நீ போகிற வருகிற பஸ்களை மறித்து அந்த எண்ணைச் சொன்னாய். அயலூரான பத்தாம் வாய்க்கால் ஆட்கள் தங்கள் புளியமரத்தைப் பற்றி வாய் திறந்தால், "அளந்தோ சொல்லுறியள்? எங்கடை மரம் படம் கீறுற மனுசன் அளந்த மரம்" என்பாய். ஒவ்வொரு முறையும் நான் செருப்பைச் சரிசெய்கிற மாதிரிக் குனிந்துகொள்வேன்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். மாவட்டத்தில் பெரிய மரங்களுக்கு ஒரு பதிவேடு தொடங்கியிருக்கிறார்கள். வைகாசியில் அந்த வேலைக்காகத் தர்சிகா என்று ஒரு பிள்ளை வந்து விவரம் சொல்லிவிட்டுப் போனா. சுற்றளவு, உயரம், கிளைகள் பரந்திருக்கிற அகலம், மூன்றும் பதிய வேண்டுமாம். அதிலே சுற்றளவில் முதலாவதாக வருகிற மரத்துக்குக் கல் நாட்டுவார்களாம். ரத்தினத்துக்கு அன்றே தலைகால் புரியவில்லை. கல் நாட்டினால் ஆட்கள் வருவார்கள், ஆட்கள் வந்தால் தேத்தண்ணி குடிப்பார்கள் என்பது அவன் கணக்கு.

நான் சுற்றளவைப் பற்றி நினைக்கப் பயந்து உயரத்தில் இறங்கினேன். ஒரு நேரான தடி எடுத்து, கையை நீட்டிப் பிடிக்க வேண்டும். கண்ணிலிருந்து கைப்பிடி வரை எவ்வளவு நீளமோ, கைப்பிடிக்கு மேலே தடியும் அவ்வளவு நீளம் இருக்க வேண்டும். பிறகு பின்னால் நடந்துகொண்டே போக வேண்டும். மரத்தின் அடியும் நுனியும் தடிக்குள் சரியாக அடங்குகிற இடத்தில் நின்றால், அங்கிருந்து மரம் வரை உள்ள தூரம்தான் மரத்தின் உயரம். நிலம் மட்டமாக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. வீட்டுத் தென்னையில் பழகினேன். பின்னால் நடந்து போய் வாய்க்காலுக்குள் விழுந்தேன். அந்த நேரம் பார்த்து நாகம்மா வந்தார்.

"என்ன அண்ணை, தென்னைக்கு முதுகு காட்டக் கூடாதெண்டு நேர்த்தியோ?"

தேங்காய் பறிக்க வந்தவரிடம் நூற்பந்தைக் கொடுத்து நுனியிலிருந்து விடச் சொல்லிச் சரிபார்த்தேன். ஒன்றரை அடி பிழை. பிறகு பத்து நாள் பழகி, அதை ஓர் அடிக்குள் கொண்டுவந்தேன். நீ இருந்திருந்தால் அந்தப் பத்து நாளும் எவ்வளவு சிரித்திருப்பாய்?

அப்போதுதான் செய்தி வந்தது. பத்தாம் வாய்க்கால் புளியை அளந்துவிட்டார்கள். இருபத்தாறு அடி ஓர் அங்குலம். மற்றவை எல்லாம் அதற்குக் கீழேதான். ரத்தினம் பலகையைப் போய்ப் பார்த்துவிட்டு ஓடி வந்தான். "சேர், ரண்டு அங்குலத்தாலை வெண்டிட்டம்."

அன்று பின்னேரமே தர்சிகா எனக்குப் போன் எடுத்துப் பேசினா. "ஐயா, துணியை அவிழ்க்கிறது உங்கடை வழிபாட்டுக்குக் கரைச்சல் எண்டால் விடுங்கோ. நீங்கள் நீர்ப்பாசனத்திலை இருந்தனீங்களாம். பலகையிலை இருக்கிற கணக்கு சரி எண்டு நீங்கள் ஒரு கையெழுத்துப் போட்டுத் தந்தால், நான் அதையே பதியலாம்."

எவ்வளவு மரியாதையான பிள்ளை. அந்த மரியாதைதான் என்னைக் கொன்றது. ஒரு கையெழுத்துப் போட்டால் கல் நமக்கு. உன் எண் கல்லில் ஏறும். போடாவிட்டால், நீ பதினொரு வருடம் ஊர் ஊராகச் சொன்ன கணக்கு பிழை என்று, நீ இல்லாத நேரத்தில் நான் சொல்ல வேண்டும். "நாளைக்குச் சொல்லுறன் பிள்ளை" என்று போனை வைத்தேன். என் மனைவியிடம் சொன்னேன். "என்னட்டைச் சொல்லி என்ன? நாகம்மாவிட்டைப் போய்ச் சொல்லுங்கோ" என்று சட்டையை எடுத்துத் தந்துவிட்டாள்.

சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். நாகம்மா முற்றத்தில் உழுந்து புடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன, கோட்டிலை சாட்சி சொல்ல வந்த ஆள் மாதிரி நிக்கிறியள்? இருங்கோ கதிரையிலை."

நான் நின்றபடியே தாளை வாசித்தேன். சுளகு நின்றது.

"அப்ப அவர் பொய் சொல்லிப்போட்டார் எண்டுறியளோ?"

"இல்லைத் தங்கச்சி. அவர் ரண்டு அங்குலம்தான் கூட எண்டு நினைச்சவர். பன்னிரண்டரை எண்டு தெரிஞ்சது எனக்கு மட்டும்தான்."

"பதினொரு வருசமாயோ?"

"ஓம்."

"அந்த மனுசன் பஸ்ஸை மறிச்சு மறிச்சுச் சொன்ன கணக்கு."

"ஓம்."

"அப்ப வாயிலை என்ன கொழுக்கட்டையே வைச்சிருந்தனீங்கள்?"

அவர் மறுபடி சுளகை எடுத்து, ஒரு சுளகு உழுந்து முடியும்வரை புடைத்தார். நான் தாளை மடித்து மடித்துத் தீப்பெட்டி அளவுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

"கையெழுத்துப் போடாதேங்கோ" என்றார் பிறகு. "பிழை எண்டு தெரிஞ்ச கணக்குக்கு வைரவரைச் சாட்சி வைக்கேலாது. அவிழ்ப்பம். ஆனால் நான் சொன்னாப் போதாது, அவரைக் கேக்கோணும்."

"ஆரை? கதிரேசையோ?"

"அவரிட்டை எண்டைக்கு நான் கேட்டனான்? வைரவரை."

வெள்ளிக்கிழமை காலை பூப்போட்டுப் பார்த்தோம். வெற்றிலையில் ஒரு மடிப்புக்குள் நந்தியாவட்டை, இன்னொன்றுக்குள் செவ்வரத்தை. வெள்ளை வந்தால் அவிழ்க்கலாம், சிவப்பு வந்தால் தொடக் கூடாது. எடுக்கிறவர் விருப்பு வெறுப்பு இல்லாதவராக இருக்க வேண்டும். ஆனால் நாகம்மா வேண்டுமென்றே ரத்தினத்தைக் கூப்பிட்டார். "உனக்குத்தான் அவிழ்க்க விருப்பமில்லை. நீயே எடு. பிறகு ஒருத்தரும் கதை சொல்லேலாது." ரத்தினம் கண்ணை மூடி, வைரவருக்கு ஏதோ முணுமுணுத்து, ஒன்றை எடுத்தான். பிரித்தான். நந்தியாவட்டை. அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன், செவ்வரத்தை வரட்டும் என்று எனக்குள்ளும் ஒரு மூலை ஆசைப்பட்டது.

தர்சிகா வந்து பார்த்துக்கொண்டு நிற்க, ஒரு பானை பொங்கிப் படைத்துவிட்டு அவிழ்க்கத் தொடங்கினோம். ஒவ்வொரு துணிக்கும் ஒரு சொந்தக்காரர் வந்தார். "இது மூத்தவன் கனடா போய்ச் சேர்ந்ததுக்கு." "இது யானை வராமல் விட்ட வருசத்துக்கு." "இது என்ரைதான், ஏனெண்டு சொல்ல மாட்டன்." உள்ளே போகப் போகச் சிவப்பு மங்கி, பழுப்பாகி, மண் நிறத்துக்கு வந்தது. கடைசியில் மரத்தோடு ஒட்டி இருந்தது பட்டே இல்லை. ஆண்கள் இடுப்பில் உடுத்துகிற, கட்டம் போட்ட ஒரு சாரம். நாகம்மா கிட்டப் போய்த் தொட்டுப் பார்த்தார்.

"இது உங்கடை சினேகிதற்றை சாரம். முகாமிலை இருந்து வந்த அண்டைக்கு உடுத்திருந்தது. துலைஞ்சுபோச்சு எண்டெல்லோ எனக்குச் சொன்னவர்."

ரத்தினம்தான் மெல்லக் கேட்டான்: "அப்ப அக்கா, அண்டைக்கு அண்ணை என்னத்தை உடுத்துக்கொண்டு வீட்டை வந்தவர்?"

மச்சான், நாகம்மா அப்படிச் சிரித்து நீ போன பிறகு நான் பார்க்கவில்லை. கண்ணையும் துடைத்துக்கொண்டு, சூலத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வைரவர் சந்நிதியில் அவ்வளவு பேர் சேர்ந்து சிரித்தது சரியா பிழையா என்று எனக்குத் தெரியாது.

அளந்து முடிக்க அரை மணித்தியாலம் எடுத்தது. மரம் கட்டின் சரிவில் நிற்பதால், மேட்டுப் பக்கத்து நிலத்திலிருந்து ஒரு மீற்றர் முப்பது சென்ரிமீற்றர் எண்ண வேண்டும் என்றா தர்சிகா. அந்த மட்டத்தில் மரத்தைச் சுற்றி எட்டு இடத்தில் சோக்கினால் குறி வைத்தா. நாடா ஒரு பக்கம் தாழ்ந்தாலும் அளவு கூடிவிடும் என்றா. பதினொரு வருடத்துக்கு முன் நான் அதையும் பார்க்கவில்லை. நுனியை நான் பிடித்தேன். மற்றப் பக்கம் இழுத்துப் பிடித்தது நாகம்மா. உன்னைவிட இறுக்கமாகவே பிடித்தார்.

ஏழு மீற்றர் எண்பத்தொன்பது. நம் கணக்கில் இருபத்தைந்து அடி பத்தரை அங்குலம்.

புளியைவிட இரண்டரை அங்குலம் குறைவு. கல் பத்தாம் வாய்க்காலுக்குப் போய்விட்டது. உயரத்தை அந்தப் பிள்ளை கைக்குள் அடங்குகிற ஒரு கருவியால் பார்த்தா. நான் முதல் நாள் மருதத்தைத் தடியால் பார்த்து வைத்திருந்த உயரத்துக்கும் அதற்கும் பத்து அங்குலம்தான் வித்தியாசம். "ஐயா, தடியாலையோ பாத்தனீங்கள்?" என்று இரண்டு தரம் கேட்டா. அந்தச் சந்தோசத்தைக்கூட வெளியில் காட்ட முடியவில்லை. ரத்தினம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அன்றிலிருந்து கடையில் எனக்குக் கதிரை இல்லை. பிளேன்ரீயில் சீனியும் இல்லை. "சேருக்குச் சீனி கூடாது, கணக்குப் பிழைச்சிடும்" என்றான். சிலர் என் முகத்துக்கு நேரேயே, "செத்த மனுசனைக் காட்டிக்குடுத்திட்டியள்" என்றார்கள். அதற்கு நாகம்மாதான் கடைவாசலில் நின்று பதில் சொன்னார்: "காட்டிக்குடுத்தது தன்னை. என்ரை மனுசனை இல்லை. பேசுறதெண்டால் என்னட்டை வந்து பேசுங்கோ." ஒருவரும் போகவில்லை.

துணிகளை ஒழுங்கு மாறாமல் மறுபடி கட்டிய பிறகு, பலகையை நாகம்மாவே கழற்றிக் கொண்டுவந்து தந்தார். பழைய எண்ணை அழித்துவிட்டுப் புதியதை எழுதினேன். அளந்த உயரத்தையும் திகதியையும் எழுதி, "துணி இன்றி" என்றும் எழுதினேன். அழிக்க ஒரு பின்னேரம் முழுக்க எடுத்தேன். எழுத அரை மணித்தியாலம் போதுமாக இருந்தது.

இனி உனக்கு நல்ல செய்தி. நீ சொன்ன எண்ணிலிருந்து பன்னிரண்டரையைக் கழித்தால், அன்று மரம் இருபத்தைந்து அடி இரண்டரை அங்குலம். இன்று அதைவிட எட்டு அங்குலம் கூட. துணியின் தடிப்பை அன்று நான் பெருவிரலால்தான் பார்த்தேன், அதனால் ஒன்றிரண்டு அங்குலம் முன்பின்னாக இருக்கலாம். இருந்தாலும் நம் மருது குளத்து நீரில் கால் வைத்து நிற்கிற மரம், வளர்கிறது. பத்தாம் வாய்க்கால் புளியின் நடுவில் பொந்து விழுந்திருக்கிறது. அது எவ்வளவு வளரும் என்று எனக்குத் தெரியாது. நாலைந்து வருடத்தில் நாம் அதைத் தாண்டலாம். அதற்குப் பிறகு இரண்டு மூன்று வருடத்தில், நீ பஸ்ஸை மறித்துச் சொன்ன எண்ணுக்கே மரம் வந்துவிடும். நீ பொய் சொல்லவில்லை, கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டாய் என்று நாகம்மாவிடம் சொன்னேன். "அவர் எதிலைதான் அவசரப்படேல்லை?" என்றார்.

இந்தக் கணக்கை ரத்தினத்துக்கும் விளங்கப்படுத்தினேன். மறுநாளே எனக்குச் சீனி திரும்பி வந்தது. கதிரை இன்னும் வரவில்லை. நேற்று அவன் மெல்லக் காதில் சொன்னான்: "சேர், அடுத்த முறை அளக்கேக்கை அடியிலை ஒரேயொரு துணியை மட்டும் விட்டா என்ன? மெல்லிய துணி. ஒரு நூல், அரைக்கால் அங்குலம்தானே?"

"ஏலாது" என்றேன். கடையில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. "ஒரு நூல் எண்டால் சுத்தளவிலை ஆறு நூலுக்கு மேலை." எழுபத்தெட்டு வயதில், பொது இடத்தில், நான் ஒருவரை மறுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை. கையில் இருந்த தேத்தண்ணி சிந்தவில்லை.

மச்சான், ஒவ்வொரு தை மாதமும் பொங்கல் முடிந்த அடுத்த வெள்ளி, துணிகளை அவிழ்த்து, அதே குறியில், நாடாவை மட்டமாகப் பிடித்து அளப்பேன். என்ன எண் வருகிறதோ அதையே பலகையில் எழுதுவேன். உன் எண் வருகிற நாளில் நான் இருந்தால் நான் வந்து உனக்குச் சொல்லுவேன். இல்லாவிட்டால் நாகம்மா விளக்கு வைக்கும்போது சொல்லுவார். அதுவரை, "ரண்டு அங்குலம்தானே" என்று யார் சொன்னாலும் வாயைத் திறந்து மறுப்பேன். உனக்கு அன்று சொல்லாததை இனி வருகிறவர்களுக்காவது சொல்லுவேன்.

உறவு ஒன்றும் இல்லாமலே உன் வாயால் மச்சான் ஆனவன்,
சிவகுரு